நேர்காணல் அறையில் கேட்கப்படும் தெரு

(காரைக்காலில் கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எம்.பி.ஏ. படித்த கதையைச் சொல்லச் சொன்னார்கள். மனிதவள மேலாண்மை என் சிறப்புப் பாடம். அதில் ஒரு தாள் முழுக்க ஆள் தேவையைத் திட்டமிடுதல், ஆள் சேர்த்தல், தேர்வு செய்தல். முதல் வகுப்பில் எழுதிப் போட்டது இதுதான்: சரியான வேலைக்குச் சரியான ஆள், சரியான நேரத்தில், சரியான எண்ணிக்கையில்.

எங்கள் ஊர் நெடுங்காடு பக்கம். அன்று சாயங்காலம் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா நடவாள். சிரித்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கா ரெண்டு வருசம்? எத்தனை மா நடவு, எத்தனை ஆளுன்னு கணக்குப் போட்டு முதநாள் ராத்திரியே தெருவுக்கு வந்து சொல்லிட்டுப் போவாங்க. விடியறதுக்குள்ள நாங்க வரப்புல நிக்கணும். ஆனா அவங்க ஏன் நம்ம தெருவுக்கு மட்டும் வராங்கன்னு ஒம் புத்தகத்துல போட்டிருக்கா?"

போடவில்லை தோழர்களே. அந்தத் தாளை முடிக்கும்வரை தேடினேன்.

புத்தகத்தில் ஆள் சேர்ப்பின் வரலாறு அமெரிக்கத் தொழிற்சாலையில், டெய்லரிடமிருந்து தொடங்குகிறது. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊரோ, அதற்கு அரை நூற்றாண்டு முன்பே ஆள் சேர்ப்பு ஊர். அடிமை முறையை 1848இல் ஒழித்த பிரான்சுக்கு, கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரியூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கப்பல் கப்பலாக ஆள் ஏற்றினார்கள். 1861இல் பிரிட்டனோடு ஓர் ஒப்பந்தமும் போட்டு, பிரிட்டிஷ் பகுதியிலிருந்தும் ஆள் எடுக்க வழி செய்துகொண்டார்கள். மேஸ்திரிகள் ஊர் ஊராகப் போனார்கள். கடனும் பஞ்சமும் இருந்த தெருக்களுக்குத்தான் போனார்கள், அவை யாருடைய தெருக்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன இடத்தில் ஆட்கள் நடத்தப்பட்ட விதத்தால் 1882இல் ரியூனியனுக்கும் 1888இல் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் ஆள் அனுப்புவதை பிரிட்டிஷ் அரசு நிறுத்தியது. அரசலாறு கடலில் விழும் இடத்தில் சாயங்காலம் காற்று வாங்கப் போகிறோமே, அந்தக் கரையின் கதை இது. ஆள் தேவைக் கணக்கு, முகவர், உடல் தகுதி, ஒப்பந்தக் காலம் எல்லாம் அதில் உண்டு. என் பாடத்திட்டத்தில் அது இல்லை.

இரண்டாம் ஆண்டில் வளாகத் தேர்வு வந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எழுத்துத் தேர்விலும் குழு விவாதத்திலும் தேறினேன். கடைசி நேர்காணலில் முதல் கேள்வி: அப்பா என்ன செய்கிறார்? இறந்துவிட்டார் என்றேன். அம்மா? விவசாயக் கூலி. சொந்த ஊர்? சொன்னேன். "ஊர்ல எங்க, கோயில் பக்கமா?" அதையும் சொன்னேன். வேலையைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் வந்தது. பிறகு துறையில் விசாரித்தபோது கிடைத்த பதில், நான் அவர்களுடைய "கல்ச்சருக்கு ஃபிட் ஆகமாட்டேன்" என்பது.

மேற்கொண்டு பேசத் தெம்பில்லாமல் நூலகத்துக்குப் போனேன். இந்தக் கேள்வி எனக்கு மட்டும் வந்ததல்ல என்று அங்கேதான் தெரிந்தது. சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு. ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு 66 வாரங்கள் தொடர்ந்து விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். 548 விளம்பரங்கள், 4,808 விண்ணப்பங்கள். ஒரே மாதிரித் தகுதி, பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வுக்காக சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் தில்லியில் 25 மனிதவள மேலாளர்களிடம் பேசினார்கள். எல்லோரும் தகுதிதான் முக்கியம் என்கிறார்கள். அதே வாயால், குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம் என்றும் சொல்கிறார்கள். ஒருவரின் பண்பு குடும்பத்தில்தான் தெரியுமாம்!

நம் பக்கத்தில் இதற்கு ஒரு திருப்பம் உண்டு. சுயமரியாதை இயக்கத்தின் புண்ணியத்தில் நம் பெயருக்குப் பின்னால் சாதிவால் இல்லை. விண்ணப்பத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் இங்கே பெயரை விட்டுவிட்டு ஊரைக் கேட்கிறார்கள், ஊருக்குள் தெருவைக் கேட்கிறார்கள். நம் முஸ்லிம் தோழர்களுக்கு அந்தச் சலுகையும் இல்லை, பெயரே போதும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு அந்தப் படிப்பையே வெறுத்தேனா என்று ஒரு தம்பி கேட்டார். இல்லை. நம் கையில் இருக்க வேண்டிய படிப்பு அது என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் "பின்னணி" கேட்கும் அரட்டை நேர்காணல் உதவாது என்று அந்தத் துறையே சொல்கிறது. ஷ்மிட், ஹன்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் கணக்கிட்டார்கள். ஒருவர் வேலையில் எப்படி இருப்பார் என்று கணிப்பதில், எல்லோருக்கும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடும் கட்டமைத்த நேர்காணலுக்கு 0.51, வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலுக்கு 0.38. சாக்கெட் குழு 2022இல் திருத்திக் கணக்கிட்டபோது இரண்டும் இறங்கின: 0.42, 0.19. இடைவெளி இன்னும் கூடிவிட்டது. தெருவைக் கேட்பவர் அநியாயக்காரர் மட்டுமல்ல, தொழில் தெரியாதவர்.

டியூக் பவர் வழக்கும் அதே புத்தகத்தில் ஒரு பெட்டிச் செய்தியாக இருந்தது. வட கரோலினாவில் ஒரு மின் நிலையம். நல்ல பிரிவுகளுக்குப் போக உயர்நிலைப் பள்ளிச் சான்றும் பொதுத் தேர்வும் வேண்டும் என்று விதி வைத்தார்கள். கறுப்பினத் தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நோக்கம் என்னவாக இருந்தாலும், வேலைக்குத் தொடர்பில்லாத ஒரு தகுதி கறுப்பினத்தவரை வடிகட்டினால் அது சட்டவிரோதம் என்றது. நிறுவனம்தான் அந்தத் தகுதி வேலைக்குத் தேவை என்று காட்ட வேண்டும். இங்கே அரசியல் சட்டத்தின் 16ஆம் பிரிவு அரசு வேலைக்கு மட்டும்தான். தனியார் நேர்காணலில் என்னைத் தெரு கேட்டவரை எந்தச் சட்டத்தில் நிறுத்துவது?

அரசு வேலையில் மட்டும் எல்லாம் சரியா? அங்கே விளையாட்டு திட்டமிடலிலேயே நடக்கிறது. 13 புள்ளி ரோஸ்டர் ஞாபகமிருக்கிறதா? பல்கலைக்கழகத்தை ஓர் அலகாக எடுக்காமல் ஒவ்வொரு துறையையும் தனி அலகாக எடுக்கச் சொன்னது 2017 அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பு. 2018 மார்ச் 5 அன்று யு.ஜி.சி. அதை உத்தரவாக்கியது. அந்தப் பட்டியலில் பிற்படுத்தப்பட்டோருக்கு 4ஆவது இடம், பட்டியல் சாதிக்கு 7ஆவது, பழங்குடிக்கு 14ஆவது. மூன்று ஆசிரியர் உள்ள சிறிய துறையில் 7ஆவது ஆள் எந்தக் காலத்தில் வருவார்? ஒதுக்கீட்டின் சதவீதத்தில் ஒரு புள்ளியையும் தொடாமல் ஒதுக்கீட்டையே காலி செய்துவிட்டார்கள். தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் 2019இல் நிறுவனமே அலகு என்று சட்டம் வந்தது. எது அலகு என்பதை வகுப்பில் அரைப் பக்கத்தில் கடந்துபோனோம். வெளிமுகமை மூலம் ஆள் எடுத்தாலோ, அந்த ஆள் ரோஸ்டர் கணக்கிலேயே வருவதில்லை.

1928இல் சென்னை மாகாணத்தில் அமைச்சர் எஸ்.முத்தையா கொண்டுவந்த வகுப்புவாரி ஆணையும் ஆள் திட்டமிடல்தான். 12 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறித்தவருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. நமக்கு ஒன்றுதான் என்ற குறை எனக்கு உண்டு. அந்த ஒன்றும் எல்லை தாண்டி இங்கே வரவில்லை. காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இந்திய அரசின் கைக்கு வந்தது 1954 நவம்பரில், நமக்கான பட்டியல் சாதி ஆணை வந்தது 1964இல். பக்கத்து நாகப்பட்டினத்துக்காரருக்குத் தாத்தா காலத்தில் வந்த கணக்கு, நமக்கு அப்பா காலத்தில்தான் வந்தது.

இப்போது ஒரு சிறிய நிறுவனத்தில் ஆள் எடுக்கும் வேலைதான் பார்க்கிறேன். சேர்ந்த மூன்றாம் மாதம் விண்ணப்பப் படிவத்திலிருந்து "தந்தையின் தொழில்", "சொந்த ஊர்" இரண்டையும் எடுத்தேன். முதலாளி ஏன் என்றார். "இதை வெச்சு என்ன சார் முடிவு பண்றோம்?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, பழக்கம்தான்" என்றார். அப்படியானால் எடுத்துவிடலாமே என்றேன், சம்மதித்தார். ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண், மூன்று பேர் தனித்தனியாகப் போட வேண்டும் என்று ஒரு தாளும் தயாரித்தேன்.

போன மாதம் கணக்குப் பிரிவுக்கு ஒரு பெண் வந்தார். ஐந்து கேள்வியும் முடிந்தன. முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எந்தத் தெரும்மா?" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "சார், அதுக்கு நம்ம தாள்ல மார்க் இல்ல" என்றேன். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மூன்று தாள்களையும் கூட்டினோம். அந்தப் பெண்தான் முதலிடம். திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தார். முதலாளி என்னிடம் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

அந்தத் தாளின் நகல்கள் கொண்டுவந்திருக்கிறேன். நான்காவது கேள்வி எனக்கே இன்னும் திருப்தியாக இல்லை, ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவருக்கு அதில் மார்க் கூடிவிடுகிறது. படித்துவிட்டு எப்படி மாற்றலாம் என்று சொல்லுங்கள்.