காதங்கியின் ராடாரும் டிரான்சிஸ்டரின் காப்பும்



பெங்களூரில் வாழும் நம்மவர்கள் திருமலைக்குச் செல்லும்போது சித்தூரைக் கடந்து திருப்பதிச் சாலையைப் பற்றுவது வழக்கம். அச்சாலையோரத்துக் காதங்கி என்னும் சிற்றூரில், மலைகள் சூழ்ந்த ஒரு வெளியில், தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. விண்வெளித் துறையைச் சேர்ந்த நிலையம் அது. அங்கே ஏறக்குறைய 130 மீட்டர் நீளமும் அதே அகலமும் உள்ள நிலப்பரப்பில், வரிசைக்கு 32 வீதம் 1024 ஏரியல்கள் வானை நோக்கி நிற்கின்றன. 1990களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிய அந்த ராடார், 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளை மேலே அனுப்பி, காற்றின் நெளிவுகளிலிருந்து மீளும் மிக நலிந்த எதிரொலியைக் கொண்டு உயர்வானத்தின் காற்றோட்டத்தை அளந்து வருகிறது.

முதலில் அமைந்த அமைப்பில் 32 பெரிய அலைபரப்பிகள் இருந்தன. அவற்றின் முடிவுக் கட்டங்களில் வால்வுகள் வேலை செய்தன. உச்ச ஆற்றல் மொத்தம் 2.5 மெகாவாட். பிற்காலத்தில் அவற்றை மாற்றி, ஏரியல் ஒன்றுக்கு ஒன்றாக, ஏறத்தாழ ஒரு கிலோவாட் உச்ச ஆற்றலுள்ள 1024 டிரான்சிஸ்டர் பெட்டிகளை வைத்தார்கள். முன்பு ஓர் அலைபரப்பி ஓய்ந்தால் ஒரு வரிசையே ஊமையாகும். இப்பொழுது ஒரு பெட்டி ஓய்ந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கே குறையும். ஆனால் இந்நன்மைக்கு ஒரு விலை உண்டு. வால்வைப் போன்ற பொறுமை டிரான்சிஸ்டருக்கு இல்லை.

வால்வுக்குள் ஒரு பொறி பறந்தால் அது பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். டிரான்சிஸ்டரிலோ மின்னழுத்தத்தைத் தாங்கும் படலம் மயிரிழையினும் மெல்லியது. எல்லையைத் தாண்டிய அழுத்தம் மைக்ரோ வினாடிகள் நிலைத்தாலும் அதனூடே துளை விழுந்துவிடும். பிறகு அதனைச் செப்பனிட வழியில்லை. இங்கே பலர் எண்ணாத ஒன்று உண்டு. 50 வோல்ட் ஊட்டப்பெறும் ஓர் அலைப்பெருக்கியில், சுருளின் செயலால், டிரான்சிஸ்டரின் முனையில் அழுத்தம் இயல்பாகவே 100 வோல்ட் வரை ஊசலாடும். ஏரியலின் கம்பி அறுந்தாலோ, மழைநீர் இணைப்பில் புகுந்தாலோ, அனுப்பிய அலை திரும்பி வந்து அதன்மேல் ஏறிக்கொள்ளும். ஆகவே இவ்வகைப் பெட்டிகளில் திரும்பும் அலையை அளந்து, அது மிகுந்தால் உடனே துடிப்பை நிறுத்தும் காவல் சுற்று ஒன்றை வைப்பது வழக்கம்.

அடுத்தது, அனுப்புவதற்கும் கேட்பதற்கும் ஒரே ஏரியலைப் பயன்படுத்துவதால் எழும் இடர். கிலோவாட் அலையின் ஒரு சிறு கசிவே நுண்ணிய கேட்புச் சுற்றைக் கருக்கப் போதும். பின் டையோடுகளால் அமைந்த மாற்றுவிசை பாதையைத் திருப்புகிறது. அதை இயக்கும் டிரைவர் சுற்று அதற்கென உயர்ந்த எதிர் அழுத்தத்தை ஊட்ட வேண்டும். அந்த டிரைவரின் டிரான்சிஸ்டர் இவ்வழுத்தத்தினும் கணிசமாக மேலான தாங்குதிறன் பெற்றிருத்தல் இன்றியமையாதது. மேலும், முதலில் பாதை மாறி, அதன் பின்னரே துடிப்பு புறப்பட வேண்டும். வரிசை பிறழ்ந்தால் விசையே முதலில் பலியாகும்.

இதே நியதிதான் உங்களுள் பலர் பம்பாயிலும் புணேயிலும் அன்றாடம் கையாளும் சாதாரண ரிலேயிலும் விளங்குகிறது. 12 வோல்ட் ரிலேச் சுருளில் ஓடும் மின்னோட்டத்தை டிரான்சிஸ்டர் சட்டென நிறுத்தும்போது, சுருள் தன் ஓட்டத்தை விட மனமின்றி நூற்றுக்கணக்கான வோல்ட்டை எழுப்பும். சுருளுக்குக் குறுக்கே டையோடு ஒன்றை எதிர்முகமாக இணைத்தால் அவ்வோட்டம் அதன் வழியே சுழன்று தணியும். முகம் மாற்றி இணைத்தாலோ, விசை போட்டவுடனே ஏதேனும் ஒன்று கருகும்! டையோடு தனியாக இருந்தால் ரிலே விடுபடச் சிறிது தாமதமாகும். விரைவு வேண்டின், டையோடுடன் ஜீனர் ஒன்றையும் தொடராக இணைக்கலாம். ஊட்டழுத்தமும் ஜீனரின் அழுத்தமும் சேர்ந்த தொகை டிரான்சிஸ்டரின் எல்லைக்குள் அடங்க வேண்டும் என்பதே கணக்கு. இச்சிறு கூட்டலைச் செய்யாமல் கையில் அகப்பட்டதைப் பொருத்துவதே பல பழுதுகளுக்குக் காரணம் என்பது நம் கருத்து.

இனி, இடி. திருப்பதி வட்டாரத்தில் கோடை இறுதியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடிமழை உண்டு. திறந்த வெளியில் கம்பி பரப்பியிருக்கும் எந்நிலையத்துக்கும் இது கவலைதான். வெளியிலிருந்து வரும் கம்பியில் முதலில் வாயுக் குழாய்க் காப்பானை வைப்பர். அது பெரும் மின்னோட்டத்தைத் தாங்கும், ஆனால் சற்று மந்தமானது. அது விழிக்கும் வரையில் உட்புறமுள்ள விரைந்த காப்பு டையோடு எஞ்சியதை ஏற்கும். இரண்டுக்கும் இடையே சிறு தடையோ சுருளோ வேண்டும். இல்லையேல் டையோடு முழுச் சுமையையும் ஏற்று மடியும், வாயுக் குழாய் உறங்கிக்கொண்டே இருக்கும். நிலத்தொடர்புக் கம்பி குட்டையாகவும் தடிப்பாகவும் இருப்பதும் அவசியம். நீண்டு வளைந்த கம்பியே ஒரு சுருளாகி அழுத்தத்தை வளர்க்கும்.

இடிமழைக்குப் பின் ஒரு டிரைவர் இயங்கவில்லையானால், புது டிரான்சிஸ்டரைப் பொருத்துமுன் காப்பு டையோடை மீட்டரால் சோதிப்பது நன்று. அது அறுந்திருந்தால் புதியதும் முதல் அணைப்பிலேயே போய்விடும். ஒட்டிப்போயிருந்தால், பழைய டிரான்சிஸ்டர் ஒருவேளை நல்ல நிலையிலேயே இருக்கக்கூடும்.