கட்டும்போதே பாருங்கள்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம் சங்கச் செயலாளர் என்னிடம், "தியரி எல்லாம் வேண்டாம்ப்பா. மயிலாப்பூர், தி.நகர், அடையாறுன்னு பழைய வீட்டை இடிச்சுக் கட்டப் போறவங்க நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேர். கட்டிக் கொடுக்கிறவங்க மீதிப் பேர். ரெண்டு பக்கத்துக்கும் உபயோகமா ஏதாவது சொல்லு" என்றார். ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன்.

'வீட்டைக் கட்டிப் பார்' என்றார்கள் பெரியவர்கள். அதைக் கொஞ்சம் மாற்றி, 'கட்டும்போதே பார்' என்கிறேன் நான். கட்டடத்தில் உயிரான வேலைகள் அத்தனையும் மறைந்து போகிறவை. அஸ்திவாரத்தை மண் மூடுகிறது. கம்பியைக் கான்கிரீட் மூடுகிறது. கான்கிரீட்டைப் பூச்சு மூடுகிறது. பைப்பை டைல்ஸ் மூடுகிறது. வீட்டுக்காரர் சாவகாசமாக வந்து பார்ப்பது பெயின்ட்டை! அதனால் ஒவ்வொன்றும் மூடப்படுவதற்கு முந்தைய நாள் சைட்டுக்கு வாருங்கள். கூடவே, டிசைன் செய்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரையும் அழைத்து வாருங்கள்.

2014 ஜூன் 28 அன்று, போரூரை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புக்காக வந்து அங்கே வேலை செய்தவர்கள். அதன் ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். இரண்டுமே வெளிப்பார்வைக்கு நிமிர்ந்து நின்ற கட்டடங்கள்தாம்.

முதலில் மண். இன்றைய தி.நகர் ஒரு காலத்தில் ஏரி. நுங்கம்பாக்கம் பக்கமிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த அந்த ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்து 1920-களில் நகர் அமைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று பெயர் இருக்கிறது. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. ஆனால் அடியில் இருக்கிற ஏரி மண் எங்கேயும் போய்விடவில்லை. "பக்கத்து வீட்ல அஞ்சடிதான் தோண்டினாங்க, நமக்கும் அது போதும்" என்பது கணக்கே ஆகாது. உங்கள் மனையிலேயே மண் பரிசோதனை செய்து, அந்த ரிப்போர்ட்டை வைத்து டிசைன் போடுங்கள். வானம் தோண்டியதும், ரிப்போர்ட்டில் சொன்ன மண்தானா என்று இன்ஜினியர் இறங்கிப் பார்க்கட்டும். பிறகு நடுவில், "இன்னொரு மாடி போட்டுக்கலாமே" என்று யார் சொன்னாலும், அஸ்திவாரக் கணக்கைத் திரும்பப் பார்க்காமல் தலையாட்டாதீர்கள்.

அடுத்து, பக்கத்து வீட்டுச் சுவர். மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றி இன்னும் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் உண்டு. தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் செங்கலைச் சுண்ணாம்புக் கலவையில் செங்குத்தாக அடுக்கிய தளம் அது. இந்த மாதிரி வீடுகளுக்குப் பெரும்பாலும் அஸ்திவாரம் ஆழமிருக்காது. சில இடங்களில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அதை ஒட்டி முழு நீளத்துக்கும் ஒரே நாளில் ஜே.சி.பி. விட்டால், சுவர் நம் பள்ளத்தில் வந்து விழக்கூடும். அந்தப் பக்கம் ஒரு பாட்டி படுத்திருப்பார். முட்டுக் கொடுத்து, துண்டு துண்டாகத் தோண்டுங்கள். ஒரு துண்டைக் கட்டி நிரப்பிய பிறகு அடுத்ததைத் தொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம். ஆரம்பிக்கும் முன்பே அவர் வீட்டில் இருக்கிற விரிசல்களைப் படம் எடுத்து இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டால் பின்னால் மனஸ்தாபம் வராது.

மூன்றாவது, கம்பி. பெசன்ட் நகர், அடையாறு பக்கம் பழைய ஃப்ளாட்டுகளில் சீலிங் பொரிந்து, துருப்பிடித்த கம்பி எட்டிப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். துருப்பிடித்த இரும்பு உப்பி, மேலே உள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட் கனத்தைத்தான் 'கவர்' என்கிறோம். சாதாரணச் சூழலில் தளத்துக்கு 20 மி.மீ. போதும் என்கிற ஐ.எஸ். 456 தரநூல், கடற்காற்று படுகிற கான்கிரீட்டுக்கு 45 மி.மீ. கேட்கிறது. பில்லருக்கு எங்கே கட்டினாலும் 40 மி.மீ.க்கும், புட்டிங்குக்கு 50 மி.மீ.க்கும் குறையக் கூடாது. கான்கிரீட் போடும் முன் ஒரு டேப்பை எடுத்து நீங்களே அளந்து பாருங்கள். கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லிக் கல்லைச் செருகி வைத்திருந்தால், தயவு தாட்சண்யம் பார்க்காமல் எடுக்கச் சொல்லுங்கள்.

நான்காவது, தண்ணீர். ஒரு மூட்டை சிமென்ட் 50 கிலோ. விகிதம் 0.5 என்றால் மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர், அதுவும் மணலில் இருக்கிற ஈரத்தையும் சேர்த்து. "கலவை இறுகுது, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று 10 லிட்டர் கூட்டினால் விகிதம் 0.7 ஆகிவிடும். அந்த அதிகப்படித் தண்ணீர் உலர்ந்த இடமெல்லாம் நுண்துளைகள். பலமும் குறையும், உப்புக் காற்றும் உள்ளே போகும். ரெடிமிக்ஸ் லாரியில் ஹோஸ் வைத்துத் தண்ணீர் விடுவதும் இதே கதைதான். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் லேபில் கொடுத்துப் பாருங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல் இருக்கக் கூடாது. கான்கிரீட் போடுகிற அன்றே க்யூப் எடுத்து வைத்து, 28-ஆம் நாள் உடைத்துப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, பொறுமை. "சார், தை பொறந்தா கிருஹப்பிரவேசம்" என்று தேதி வைப்பவர் வீட்டுக்காரர். அதற்காகச் சென்ட்ரிங்கை அவசரமாகப் பிரிப்பவர் மேஸ்திரி. நாலரை மீட்டருக்குள் உள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் முட்டு நிற்க வேண்டும். ஆறு மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள். இவை சாதாரண சிமென்ட்டுக்கு உள்ள குறைந்தபட்சக் கணக்கு. பி.பி.சி. சிமென்ட் என்றால் இன்ஜினியரைக் கேட்டு இன்னும் சில நாள் விடுங்கள். அதே பி.பி.சி.க்குக் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், பில்லருக்குச் சாக்கு சுற்றுங்கள். பாத்ரூமிலும் டைல்ஸ் ஒட்டும் முன் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் கழித்துக் கீழ் வீட்டுச் சீலிங்கைப் பாருங்கள்.

கான்டிராக்டர் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்படி வந்து பார்க்கும் வீட்டுக்காரரைத் தொந்தரவு என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு பார்வைக்கும் ஒரு தேதி, ஒரு போட்டோ, இருவர் கையெழுத்து. அது முடிந்ததும் அந்தக் கட்டத்துக்கான பணம். இதை அக்ரிமென்ட்டிலேயே எழுதிவிட்டால் பணத்துக்காக நீங்கள் அலைய வேண்டாம், நாளைக்குப் பழியும் உங்கள் மேல் வராது. வீட்டுக்காரர்களே, சதுர அடிக்கு எல்லாரையும் விடக் குறைவாகக் கேட்டவரைப் பிடித்துவிட்டு, கவர் பிளாக்கிலும் க்யூரிங்கிலும் அவர் மிச்சம் பிடிக்க மாட்டார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இன் கீழ் பதிவான அடுக்ககங்களில், ஒப்படைத்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் புரமோட்டர் சரிசெய்து தர வேண்டும். சொந்த மனையில் தனியாகக் கட்டுபவர்களுக்கு அந்தக் காப்பு கிடையாது. அதற்கு ஈடான ஒரு ஷரத்தை நீங்களே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று. எடுத்த போட்டோக்கள், மண் ரிப்போர்ட், கம்பி டிராயிங், க்யூப் ரிசல்ட் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். முப்பது வருஷம் கழித்து உங்கள் பெண்ணோ பிள்ளையோ ஒரு சுவரை எடுக்கவோ ஒரு ரூம் போடவோ நினைத்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த ஃபைல் சொல்லும்.

சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது. அஸ்திவாரம் பலமாக அமைந்தால்தான் அடுத்த உரைகளை உங்களால் தாங்க முடியும்!