திண்ணைத் தோழர்களும் இன்றைய வழிப்போக்கர்களும்
(ஜும்ஆ பேருரை)

புகழ் யாவும் வல்லோன் அல்லாஹ்வுக்கே உரியன. அவனுடைய ஸலாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றிய நல்லோர் அனைவர் மீதும் உண்டாவதாக!



திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் உள்ள நம் பனவடலிசத்திரத்தின் பெயரைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். வடலி என்றால் இளம் பனை. சத்திரம் என்றால், ஊர் பேர் தெரியாத வழிப்போக்கனும் ஓர் இரவு தலைசாய்த்து, ஒரு வேளை உண்டு செல்வதற்காக எழுப்பப்பட்ட அறநிலையம். வழிப்போக்கனை அருள்மறை 'இப்னுஸ் ஸபீல்' என்கிறது. பாதையின் மகன் என்பது அதன் பொருள். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரை எண்ணிச் சொல்லும் அத்தவ்பா அத்தியாயத்தின் 60-ஆவது வசனம், அந்த எட்டில் ஒருவராக இந்தப் பாதையின் மகனை வைத்துள்ளது.

இன்று சத்திரங்கள் இல்லை, வழிப்போக்கர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யார் தெரியுமா? உங்கள் வீட்டிலிருந்தும் என் வீட்டிலிருந்தும் மென்பொருள் வேலை தேடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பேருந்து ஏறிய பிள்ளைகள்தாம். வாப்பா கையில் இருந்ததைக் கொடுக்கிறார். உம்மா வளையலைக் கழற்றிக் கொடுக்கிறார். பயிற்சிக் கட்டணத்தில் பாதி கரைகிறது. விடுதி வாடகையில் மீதி கரைகிறது. நேர்முகத் தேர்வுகள் ஒவ்வொன்றாகக் கைநழுவுகின்றன. வாடகை நின்றதும் பெட்டி வெளியே வருகிறது. சில நாள் நண்பனின் அறை, சில நாள் மேன்ஷன் மொட்டைமாடி, பிறகு எழும்பூர் ரயில் நிலைய நடைமேடை. வீட்டிலிருந்து தொலைபேசி வந்தால், 'நலமாக இருக்கிறேன் உம்மா, சாப்பிட்டுவிட்டேன்' என்பதே பதில்.

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, நம் நாட்டில் ஏறத்தாழ 17 லட்சத்து 70 ஆயிரம் பேர் வீடற்றவர்கள் என எண்ணிச் சொன்னது. சாலையோரம், மேம்பாலத்தின் அடி, ரயில் நிலையம், வழிபாட்டுத் தலங்களின் வாசல் ஆகிய இடங்களில் உறங்குவோரின் கணக்கு அது. நண்பனின் அறையில் ஒண்டிக் கிடப்பவனும், வீடு திரும்ப நாணி நகரத்தில் அலைபவனும் அந்தக் கணக்கில் எளிதில் அகப்படுவதில்லை.

அன்பானவர்களே! இத்தகைய ஓர் இளைஞரின் வரலாறு உண்மையாகவே நடந்தது. அப்துல் அலீம் என்பது அவர் பெயர். 2013-இல் ஆயிரம் ரூபாயுடன் வீட்டை விட்டுப் புறப்பட்டார். அதில் 800 ரூபாய் ரயில் சீட்டுக்கே போயிற்று. தங்க இடமும் உண்ண உணவும் இன்றி ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தெருக்களில் அலைந்தார். அதன் பின் ஸோஹோ என்னும் மென்பொருள் நிறுவனத்தின் வாசலில் காவலாளி வேலை கிடைத்தது. தினமும் 12 மணி நேரப் பணி. படிப்போ பத்தாம் வகுப்பு. ஒருநாள் அந்நிறுவனத்தின் மூத்த ஊழியர் ஒருவர் அவரிடம் நின்று பேசினார். என்ன படித்தாய், கணினியைப் பற்றி என்ன தெரியும் என்று விசாரித்தார். பள்ளியில் எச்.டி.எம்.எல். சிறிதளவு கற்றதாக அலீம் சொன்னார். மேலும் கற்க விருப்பமா என்று கேட்ட அந்த மனிதர், தாமே ஆசிரியரானார். காவல் பணி முடிந்த பின் அவரிடம் சென்று எட்டு மாதங்கள் கற்ற அலீம், சிறியதொரு செயலியை உருவாக்கினார். அது மேலாளர் பார்வைக்குச் சென்றது. நேர்முகத் தேர்வு நடந்தது. கல்லூரிப் பட்டம் இல்லாமலே அதே நிறுவனத்தில் மென்பொருள் உருவாக்குநராக அவர் அமர்ந்தார். பிற்காலத்தில் அவரே இதைப் பொதுவெளியில் எழுதி நன்றி செலுத்தினார்.

சிந்தியுங்கள்! அந்த எட்டு மாத முயற்சி அலீமுடையது, அதில் ஐயமில்லை. ஆனால் அது எப்போது தொடங்கியது? மாதச் சம்பளம் கிடைத்து, வயிற்றுக்கு ஒரு வழி பிறந்த பிறகு தொடங்கியது. ஒரு மனிதர் நின்று விசாரித்த பிறகு தொடங்கியது. தெருவில் அலைந்த அந்த இரண்டு மாதங்களில் அவரைக் கடந்து சென்றவர்கள் எத்தனை பேர்! அவர்களில் தொழுகையாளிகளும் இருந்திருப்பார்கள் அல்லவா? இந்தக் கேள்விதான் இன்று நம் உள்ளத்தைச் சுட வேண்டும்.

பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவில் கட்டிய பள்ளியின் பின்பகுதியில் பேரீச்ச மட்டை வேய்ந்த ஒரு நிழற்பகுதி இருந்தது. 'ஸுஃப்ஃபா' எனப்படும் அந்தத் திண்ணையே வீடும் உறவும் அற்ற தோழர்களின் இல்லம். அவர்களில் எழுபது பேரைத் தாம் கண்டதாகவும், ஒருவருக்கும் மேலாடை இருக்கவில்லை என்றும் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். இருவருக்கு உணவுள்ளவர் மூன்றாமவரை அழைத்துச் செல்லட்டும் என்று நபிகளார் (ஸல்) பணித்தார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் மூவரை அழைத்துச் சென்றார்கள். அந்தத் திண்ணையில் பசியோடு கிடந்தவர்தாம் அபூஹுரைரா (ரலி). நபிமொழிகளை அதிகமாக அறிவித்த பெருந்தகையாக உலகம் இன்று அவரைப் போற்றுகிறது. மணமாகாத இளைஞராக இருந்தபோது இப்னு உமர் (ரலி) அவர்களும் பள்ளியிலேயே உறங்கியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். நாமோ, 'மணமாகாதவர்களுக்கு வீடு இல்லை' என்று வாசலில் பலகை மாட்டுகிறோம்!

அதே மதீனாவுக்கு வெறுங்கையுடன் வந்தார்கள் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி). அவர்களுக்குச் சகோதரராக்கப்பட்ட ஸஅத் பின் ரபீஉ (ரலி), தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். விருந்தாளியோ, அல்லாஹ் உங்கள் செல்வத்தில் பரகத் செய்வானாக எனப் பிரார்த்தித்து, சந்தைக்கு வழி கேட்டார்கள். நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்று முன்னேறினார்கள். கொடுப்பவர் கணக்குப் பார்க்கவில்லை. பெறுபவர் சோம்பி இருக்கவில்லை. சமுதாயத்திற்கு இந்த இரண்டும் தேவை.

உதவி தேவைப்படுபவனை எப்படி அறிவது? அல்பகரா அத்தியாயத்தின் 273-ஆவது வசனம் வழி சொல்கிறது. இவர்கள் வற்புறுத்திக் கேட்க மாட்டார்கள். இவர்களது தன்மானத்தைக் கண்டு, அறியாதவன் இவர்களைச் செல்வர் என எண்ணுவான். அடையாளங்களைக் கொண்டே இவர்களை அறியலாம் என்பது அதன் கருத்து. தேய்க்கப்பட்ட சட்டையும் தோளில் மடிக்கணினிப் பையுமாக, இஷாவுக்குப் பின்னும் பள்ளியை விட்டு எழாமல் அமர்ந்திருக்கும் இளைஞனிடம், 'இரவு எங்கே தங்குகிறாய் தம்பி?' என்று நீங்கள் கேட்டதுண்டா?

உதவியின் முறையையும் நபிகளார் (ஸல்) கற்பித்துள்ளார்கள். யாசித்து வந்த அன்ஸாரி ஒருவரின் வீட்டிலிருந்த விரிப்பையும் கிண்ணத்தையும் இரண்டு திர்ஹத்துக்கு ஏலத்தில் விற்றார்கள். ஒன்றில் குடும்பத்துக்கு உணவும், மற்றொன்றில் கோடாரியும் வாங்கச் செய்தார்கள். தம் திருக்கரத்தாலேயே அதற்குக் காம்பு பூட்டிக் கொடுத்து, விறகு வெட்டப் பணித்தார்கள். பதினைந்து நாட்களில் பத்து திர்ஹத்துடன் அவர் திரும்பினார். உணவு முதலில், கருவி அடுத்து, உழைப்பு அதன் பின் என்னும் வரிசையைக் கவனியுங்கள். தொழில் தெரிந்த ஏழைக்கு அவன் தொழிற்கருவி வாங்கும் அளவு, அது விலை மிக்கதாயினும், ஜகாத்திலிருந்து தரலாம் என்பது இமாம் நவவீ (ரஹ்) போன்ற ஷாஃபிஈ அறிஞர்களின் விளக்கம். அன்றைய கோடாரி இன்று மடிக்கணினியாக இருக்கலாம். உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்து செயல்படுங்கள்.

பெற்றோர்களே! 'வேலையோடு வா, இல்லையேல் வராதே' என்ற சொல்லைப் பிள்ளையிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். வெறுங்கையோடு திரும்பினாலும் கதவு திறந்திருக்கும் என்று அவன் உறுதியாக அறியட்டும். நகரம்தான் வழி என்றும் எண்ண வேண்டாம். நம் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலேயே 2011 முதல் ஸோஹோ அலுவலகம் இயங்குகிறது. கட்டணம் வாங்காமல், உதவித்தொகை கொடுத்து இளைஞர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியையும் அந்நிறுவனம் நடத்துகிறது.

ஜமாஅத் பொறுப்பாளர்களே! நகரங்களுக்குச் சென்ற பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் உங்களிடம் இருக்கட்டும். அங்கே வசிக்கும் ஊர்க்காரர்கள் இருவரிடம் அவர்களை ஒப்படையுங்கள். பைத்துல்மாலிலிருந்து மூன்று மாத அறை வாடகை கொடுத்தால், ஒரு வாழ்க்கை நடைமேடைக்குப் போகாமல் காக்கப்படும்.

இளைஞர்களே! தங்க இடம் இல்லாதது குற்றமன்று. அதை மறைத்துத் தனியே நொறுங்குவதுதான் ஆபத்து. வட்டிக் கடனுக்கும், முன்பணம் கேட்கும் வேலைத் தரகர்களுக்கும் இரையாகாதீர்கள். பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒன்று என்ற அளவில், ஆண்டு முழுவதும் இயங்கும் இரவுத் தங்குமிடங்கள் வேண்டும் என 2010-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சென்னை மாநகராட்சியும் அத்தகைய காப்பகங்களை நடத்துகிறது. அங்கே ஓர் இரவு தங்குவதில் இழிவில்லை. ஸுஃப்ஃபாவில் தங்கியவர்கள் நம் தலைவர்கள்.

யா அல்லாஹ்! வீடின்றி அலையும் எங்கள் பிள்ளைகளுக்கு நிழல் தருவாயாக! அவர்களின் முயற்சிகளில் பரகத் செய்வாயாக! எங்கள் வீடுகளின் கதவுகளையும், அவற்றுக்கு முன்பாக எங்கள் உள்ளங்களின் கதவுகளையும் திறப்பாயாக! எங்கள் ஊர்களை மீண்டும் சத்திரங்களாக ஆக்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!