அந்தப் படகில் நமக்கும் ஓர் இடம்

(பொதுக்காலம் 12ஆம் ஞாயிறு – வானொலி மறையுரை)



இன்று மாற்கு நற்செய்தி 4ஆம் அதிகாரத்திலிருந்து, இயேசு காற்றையும் கடலையும் அடக்கிய நிகழ்ச்சியைக் கேட்கிறோம். சிறுவயது முதல் கேட்டுவரும் பகுதி இது. வாசகம் தொடங்கும்போதே முடிவு நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதனாலேயே அது காதில் விழுகிறது, உள்ளத்தில் இறங்குவதில்லை. எனவே இந்த நற்செய்திக்குள் நுழைந்து செபிப்பது எப்படி என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

நற்செய்திக் காட்சியை மனக்கண்முன் கொண்டுவந்து, அதில் நாமும் ஓர் ஆளாக நின்று, ஆண்டவரைப் பார்த்து, அவரோடு பேசுவது ஒரு செபமுறை. இதைக் காட்சித் தியானம் என்று சொல்வோம். தியான நாள்களில் இதைச் சொல்லிக்கொடுத்தால், "சாமி, கண்ண மூடினா எனக்கு ஒண்ணுமே தெரியல. எனக்குக் கற்பனையே வராது" என்று சிலர் சொல்வார்கள். அவர்களிடம் நான் ஒன்று கேட்பேன். வேலைக்குப் போன மகள் இரவு ஒன்பது மணியாகியும் திரும்பவில்லை, போனையும் எடுக்கவில்லை. அந்த அரைமணி நேரம் உங்கள் மனத்தில் என்ன ஓடும்? விபத்து, ஆஸ்பத்திரி, போலீஸ் என்று ஒரு முழுப் படமே ஓடிவிடும் அல்லவா? ஆக, கற்பனை நம் எல்லாருக்கும் இருக்கிறது. பெரும்பாலும் பயம்தான் அதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. அந்தக் கையை ஆண்டவரிடம் கொடுப்பதே இந்தச் செபம்.

இதை நமக்குக் கற்றுத்தந்தவர்களுள் முதன்மையானவர் புனித லொயோலா இஞ்ஞாசியார். 1521ஆம் ஆண்டு பம்பலோனா கோட்டையில் நடந்த போரில் பீரங்கிக் குண்டு பட்டு அவருடைய கால் நொறுங்கியது. வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, வீர தீரக் கதைப் புத்தகங்களைக் கேட்டார். அவை வீட்டில் இல்லை. ஆண்டவருடைய வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் வரலாறுமே கிடைத்தன. படிக்காத நேரத்தில் அவர் மனக்கோட்டை கட்டினார். வீரனாகப் புகழ்பெறுவதுபோல் கற்பனை செய்தபோதும் இன்பமாக இருந்தது. புனிதர்களைப்போல் வாழ்வதாகக் கற்பனை செய்தபோதும் இன்பமாக இருந்தது. ஆனால் முதல் வகைக் கற்பனை முடிந்ததும் உள்ளம் வறண்டுபோயிற்று. இரண்டாவது முடிந்த பிறகும் மகிழ்ச்சி நின்றது. காட்சித் தியானத்திற்கு இன்றும் அதுவே உரைகல். கண்ணை மூடியிருக்கும்போது எப்படி இருந்தது என்று கேளாதீர்கள். கண்ணைத் திறந்தபின் என்ன தங்கியிருக்கிறது என்று கேளுங்கள்.

மனத்தில் காட்சி எழாதவர்களுக்கு மூன்று ஊன்றுகோல்கள் உண்டு. ஓவியம், கதை, பாடல்.

முதலில் ஓவியம். இஞ்ஞாசியாரின் தோழர் ஜெரோம் நதால் தொகுத்த நற்செய்திப் படநூல் 1593இல் அன்ட்வெர்ப் நகரில் வெளிவந்தது. அதில் 153 படங்கள். பார்த்துப் பார்த்துத் தியானிப்பதற்காகவே செய்யப்பட்ட நூல் அது. இன்றைய நற்செய்திக்கு எனக்கு உதவும் ஓவியம், நெதர்லாந்து நாட்டு ரெம்பிராண்ட் 1633இல் தீட்டியது. படகின் முன்பகுதி அலைமேல் தூக்கி நிற்கிறது. சிலர் கிழிந்த பாயோடு போராடுகிறார்கள். ஒருவர் குமட்டல் தாங்காமல் விளிம்பில் குனிந்திருக்கிறார். பின்பகுதியில் இருட்டுக்குள் சிலர் ஆண்டவரை எழுப்புகிறார்கள். எண்ணிப் பார்த்தால் படகில் பதினான்கு பேர். இயேசுவும் பன்னிருவரும் போக மிஞ்சுகிற ஒருவர், ஒரு கையால் கயிற்றையும் மறுகையால் தொப்பியையும் பிடித்துக்கொண்டு நம்மையே பார்க்கிறார். அது ரெம்பிராண்டின் முகம் என்பார்கள். புயலைக் கரையில் நின்று வரைய அவருக்கு மனமில்லை, தாமும் ஏறிக்கொண்டார். 1990இல் இந்த ஓவியம் அமெரிக்காவின் பாஸ்டன் நகர அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து திருடப்பட்டது. வெறும் சட்டம் மட்டும் அங்கே இன்னும் தொங்குகிறது. ஆனாலும் அதன் படம் புத்தகங்களிலும் செல்போனிலும் கிடைக்கும். ஐந்து நிமிடம் உற்றுப் பாருங்கள். நான் இதில் யார்? பாயை இழுப்பவரா, குமட்டுபவரா, ஆண்டவரை எழுப்புபவரா?

இரண்டாவது, கதை. கிரேக்கரின் பழங்கதையில் யூலிசிஸ் என்ற வீரன் கப்பலில் ஊர் திரும்புகிறான். வழியில் ஒரு தீவு. அங்கிருந்து எழும் மயக்கும் பாட்டைக் கேட்டவர்கள் கப்பலைத் திருப்பி அழிந்துபோவார்கள். அவன் தோழர்களின் காதுகளை மெழுகால் அடைத்தான். தன்னைப் பாய்மரத்தோடு இறுகக் கட்டச் சொன்னான். அதனால் பிழைத்தான். "நம் மறைக்குப் புறம்பான கதை செபத்துக்கு உதவுமா?" என்று கேட்கலாம். இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த அலெக்சாந்திரியா கிளமெந்து, கிரேக்கருக்கு நற்செய்தி சொல்ல இதே கதையைத்தான் எடுத்தார். அந்தப் பாய்மரத்தில் அவர் சிலுவையைக் கண்டார். சிலுவை மரத்தோடு கட்டுண்டவர் அழிவிலிருந்து விடுபடுவார் என்று விளக்கினார். கதையை நாம் வழிபடுவதில்லை. அது காட்டும் மரத்தைப் பற்றிக்கொள்கிறோம். குடியோ கடனோ பழைய பகையோ கூப்பிடும் நேரத்தில், உங்களைப் பாய்மரத்தோடு கட்டியிருப்பதாக நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, பாடல். 12ஆம் நூற்றாண்டின் புனித ஹில்டெகார்டு காட்சிகள் கண்டவர், பாடல்களும் இயற்றியவர். 2012இல் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். நற்பண்புகளைப் பற்றி அவர் எழுதிய இசை நாடகத்தில் ஆன்மாவும் நற்பண்புகளும் பாடுகிறார்கள். அலகைக்கு மட்டும் பாட்டு கிடையாது. அது கத்தத்தான் செய்யும். நம் அனுபவமும் அதுதானே! பயம் மனத்துக்குள் கத்தும். அதற்குப் பாட வராது. இன்றைய பதிலுரைப் பாடல் 107ஆம் திருப்பாடல். கடலில் தவித்தவர்கள் கூப்பிட, ஆண்டவர் அவர்களைக் கரைசேர்த்த பாடல். அதன் பல்லவியை மெல்ல முணுமுணுத்துக்கொண்டே கண்ணை மூடுங்கள். ஓடுகிற மனம் சற்று நிற்கும்.

பிறகு படகுக்குள் வாருங்கள். நனைந்த பலகை, உப்பில்லாத ஏரித் தண்ணீர், இருட்டு. பின்பகுதியில் தலையணைமேல் தலைவைத்துத் தூங்கும் ஆண்டவர். பகலெல்லாம் போதித்த களைப்பு அவர் முகத்தில் இருக்கிறது. உங்கள் புயலின் பெயரை அவரிடம் சொல்லுங்கள். கோபம் வந்தால் கோபமாகவே சொல்லுங்கள். எங்களைப் பற்றி உமக்குக் கவலையே இல்லையா என்றுதானே சீடர்களும் கேட்டார்கள்? அவர் அதற்காக அவர்களை ஒதுக்கவில்லை. மாற்கு எழுதும் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் காற்றை அடக்கினார், அதன் பிறகுதான் நம்பிக்கையைப் பற்றிக் கேட்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லாரும் இந்தப் படகில் ஏற வேண்டும் என்று கட்டாயமில்லை. 2017இல் ஒக்கிப் புயல் குமரிக் கடற்கரைப் பங்குகளில் எத்தனையோ வீடுகளின் ஆண்களைக் கொண்டுபோயிற்று. போனவர் திரும்பாத வீட்டில், கடல் அமைதியாயிற்று என்ற வசனம் முள்ளாகக் குத்தும். அவர்களைக் கண்மூடிக் கடலைப் பார்க்கச் சொல்வது கொடுமை. நடந்ததை மாற்றிக் காட்டும் வித்தை அல்ல காட்சித் தியானம். அவர்களுக்குக் கல்வாரியில் நிற்கும் அன்னை மரியாவின் அருகே ஓர் இடம் உண்டு. அங்கே எதையும் கற்பனை செய்யாமல், சும்மா நின்றால் போதும். மனம் மிகவும் உடைந்திருந்தால், தனியாகத் தியானத்தில் உட்காராமல், நம்பிக்கைக்குரிய ஒருவரோடு பேசுங்கள், மருத்துவரையும் பாருங்கள்.

இறுதியாக, மாற்கு மட்டுமே குறிப்பிடும் ஒரு சிறு செய்தி: அன்று ஏரியில் வேறு படகுகளும் இருந்தன. அவற்றில் யார் இருந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அதே காற்று அவர்களையும் அடித்திருக்கும். ஏரி அமைதியானபோது அந்த அமைதி அவர்களுக்கும் கிடைத்திருக்கும். உங்கள் தியானத்தில் உங்கள் படகு மட்டுமே தெரிந்தால், இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள். தலையைத் திருப்பிப் பாருங்கள். அடுத்த படகில் யார் தெரிகிறார்? பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனா? வேலை போன பக்கத்து வீட்டுக்காரரா? கண்ணைத் திறந்ததும் அவருக்கு ஒரு போன் செய்யுங்கள், அல்லது ஒரு நடை போய்ப் பாருங்கள். தியானம் அப்போதுதான் கரைசேரும்.

காற்றும் கடலும் கீழ்ப்படியும் ஆண்டவர், நம் மனத்தின் காட்சிகளையும் ஆண்டு நடத்துவாராக. எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், உங்களையும் உங்கள் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.