பந்தயச் சாலையில் சபை மரியாதை



புணே, பெங்களூரு போன்ற நகரங்களில் விடியற்காலையில் வெளியே வருவோர், தலைக்கவசம் அணிந்து சைக்கிளில் விரைந்து செல்லும் கூட்டங்களைக் கண்டிருப்பார்கள். அவர்களிற் சிலர் டிரையத்லான் போட்டிக்காகப் பயில்பவர்கள். உத்தியோகத்தின் பொருட்டு அந்நகரங்களில் குடியேறிய நம்மவரும் அவர்களிடையே உண்டு.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒருவரே அடுத்தடுத்துச் செய்து முடிப்பதுதான் டிரையத்லான். 2019-ஆம் ஆண்டு கோவாவில், மீராமார் கடற்கரையில் நடைபெற்ற பந்தயத்தில் 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம் என்று தூரங்கள் அமைந்திருந்தன. இத்தகைய போட்டிகளில் கலந்துகொள்வோரிற் பெரும்பாலோர் பந்தயத்தால் பிழைப்பவர் அல்லர். அலுவலகத்திற்கும் குடும்பத்திற்கும் இடையே நேரம் கண்டுபிடித்துப் பயில்பவர்கள்.

மூன்று பகுதிகளில் மரியாதை மிகவும் வேண்டப்படுவது சைக்கிளில்தான். ஓட்டத்தில் ஒருவர் தோள் இடித்தால் மன்னிப்போடு போயிற்று. சைக்கிளில் ஒரு சக்கரம் மற்றொன்றில் உரசினாலோ எலும்பு முறியும்.

முன்னே செல்பவரை ஒட்டிச் சென்றால் காற்றின் தடையை அவர் தாங்குவார். பின்னே செல்பவருக்கு உழைப்பு மிச்சம். ஒருவரது சொந்த உழைப்பை அளக்கும் பந்தயத்தில் இது நியாயமாகாது. ஆகவே, நீண்ட தூரப் பந்தயங்களில், முன்னவரின் முன் சக்கரத்திலிருந்து பின்னோக்கி 12 மீட்டர் எல்லை வகுத்திருக்கிறார்கள். முந்த விரும்புபவர் அதற்குள் நுழைந்து 25 விநாடிக்குள் கடந்துவிட வேண்டும். முந்தப்பட்டவர் பின்வாங்கி மீண்டும் இடைவெளி விட வேண்டும். மீறினால் 5 நிமிடம் நின்று தண்டனை கழிக்க வேண்டும்.

ஆயினும், 90 கிலோமீட்டர் நெடுகிலும் ஒவ்வொருவர் பின்னும் நடுவர் வர இயலுமா? அவருடைய மோட்டார் சைக்கிள் வரும்போது விரியும் இடைவெளி, அது மறைந்ததும் சுருங்குவதுண்டு. அன்பளிப்புப் பதக்கத்தைத் தவிர வேறு ஊதியம் இல்லாத விளையாட்டில் இப்படிச் சேமித்த நிமிடங்களால் நாம் யாரை ஏமாற்றுகிறோம்? நம்மையே அல்லவா!

முந்தும் எண்ணமின்றிச் சாலையின் வலப்புறத்தை அடைத்துச் செல்வதும், இருவர் இணையாகப் பேசிக்கொண்டு போவதும், காலிப் புட்டிகளை நினைத்த இடத்தில் எறிவதும் இதே வகையைச் சேர்ந்த குற்றங்கள். உருண்டோடும் ஒரு புட்டி பின்வரும் சக்கரத்திற்குப் பெரும் கண்ணி.

பந்தய நாளில் சட்டமாவது உண்டு. பயிற்சி நாளில் அதுவும் இல்லை. பந்தய சைக்கிளில் முழங்கையை ஊன்றிக் குனிந்து செல்வதற்கென்று முன்னே நீண்ட பிடிகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றியிருக்கும்போது கைகள் பிரேக்கிலிருந்து விலகியிருக்கும். அந்நிலையில் கூட்டத்திற்குள்ளும் கடைத்தெருவிலும் விரைவது பேராபத்து. அதே சாலையில்தான் பால்காரர் வருகிறார்; பத்திரிகை போடும் சிறுவன் வருகிறான்; கீரைக்கூடையோடு மூதாட்டி குறுக்கே நடக்கிறாள். அவர்கள் நம் பந்தயத்திற்குப் பெயர் கொடுத்தவர்கள் அல்லர். நமது வேகத்திற்கு அவர்கள் விலை கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் இன்னொரு பொறுப்பும் உண்டு. பின்னாலிருந்து நாம் கூவும் எச்சரிக்கை அந்த மூதாட்டிக்குப் புரியாமற் போகலாம். எடை கூடுகிறதென்று மணியைக் கழற்றி வைப்பவர்கள் அதைத் திரும்பவும் பொருத்திக்கொள்வது நலம். மணியோசைக்கு எம்மொழியிலும் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. மணியடித்த பின்னும் அவர் திகைத்து நின்றால், வேகத்தைக் குறைத்து அவர் கடக்கும்வரை காத்திருப்போம். இழந்த சில விநாடிகளை அடுத்த நேர்ச்சாலையில் கால்களைக் கொண்டு ஈட்டிக்கொள்ளலாம். விழுந்த ஒருவரின் இடுப்பெலும்பை எந்தப் பதக்கத்தாலும் ஈட்டித் தர இயலாது.