ஏட்டில் இல்லாத பொருள்



“மேட்டூர் திறந்துவிட்டார்கள்; விதை ஊறப்போட்டாயிற்று.” இவ்வரியைப் படித்ததும் எங்கள் தஞ்சை உழவர் கண்முன் குறுவை நாற்றங்கால் தோன்றும். காவிரியை அறியாதவரோ இரண்டு செய்திகளுக்கும் என்ன உறவு என்று திகைப்பார். அவ்வுறவு ஏட்டில் இல்லை. படிப்பவர் உள்ளத்திலே இருக்க வேண்டும்.

அது இல்லையானால் உள்ளம் தானே ஒன்றைக் கற்பித்துக்கொள்ளும். கேம்பிரிட்ஜ் உளநூற் பேராசிரியர் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட நூலில் இதனைக் காட்டினார். வட அமெரிக்கப் பழங்குடிக் கதையொன்றைப் படித்த ஆங்கிலேயர் அதைத் திரும்பச் சொன்னபோது, பழங்குடித் தோணி சாதாரணப் படகாயிற்று, விளங்காதவை உதிர்ந்துபோயின.

வேறு வழியும் உண்டு. 1880-இல் கும்பகோணம் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியர் உ. வே. சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணியைப் பாடம் கேட்க விரும்பினார். அந்தாதியும் கலம்பகமும் புராணமும் கற்றுத் தேர்ந்த ஐயருக்கு அந்நூல் பிடிபடவில்லை. புள்ளியிடாத ஏட்டெழுத்து ஓர் இடர்தான். ஆனால் பெரிய இடர் அதுவன்று. நச்சினார்க்கினியர் உரையிலும் சமணக் கருத்துக்கள் தடுத்தன. நானாக இருந்தால் ஊகித்தே பொருள் சொல்லியிருப்பேன். தேர்வுகளில் அவ்வாறு எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறேன்!

ஐயர் ஊகிக்கவில்லை. அவ்வூரிலேயே வாழ்ந்த சமணர் வீடு தேடிச் சென்றார். தமக்கு விளங்காத நூலை அவர்கள் புனித நூலாக ஓதிவரக் கண்டார். கல்லூரி ஆசிரியர் என்ற கூச்சமின்றிச் சொல் சொல்லாகக் கேட்டுத் தெளிந்தார். 1887-இல் சிந்தாமணி அவர் பதிப்பாக அச்சேறியது.