நாளுக்கு ஐந்து வாக்கியம்

(எமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் இளைஞர் பகுதியின் சார்பில் நிகழ்த்திய பேச்சு)



இக்கூட்டத்திலே பேசும்படி காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தபோது, சமய விஷயம் பேச எனக்குத் தகுதி போதாது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "அப்படியானால் உமக்குத் தெரிந்ததைப் பேசும்" என்றார். தெரியும் என்று நினைத்திருந்து தெரியாமற் போன ஒன்றைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் சர்வகலாசாலையிற் சேர்ந்த புதிதில், சுகவீனமுற்ற நண்பன் ஒருவனைப் பார்க்க மலைநாட்டு வைத்தியசாலை ஒன்றுக்குப் போயிருந்தேன். அடுத்த கட்டிலிலே தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த முதியவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். தாதி சிங்களத்தில் ஏதோ கேட்டார். முதியவருக்கு விளங்கவில்லை, என்னைப் பார்த்தார். நானோ இரண்டாம் மொழிச் சிங்களத்திலே திறமைச் சித்தி பெற்றவன். துணிந்து எழுந்தேன். தாதி மறுபடியும் "ரிதெனவாத?" என்று கேட்டார். பாடப்புத்தகத்திற் படித்த "வேதனாவ" என்ற சொல் என் நினைவுக்கு வந்தது, "நோகிறதா?" என்ற அந்தச் சாதாரணப் பேச்சுச் சொல் எனக்குத் தெரியாது. விழித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் தரை துடைத்துக்கொண்டிருந்த சிற்றூழியர் ஒருவர் வந்து இருபக்கமும் பேசி வைத்தார். முதியவர் என் முகத்தைப் பார்த்து, "பரவாயில்ல தம்பி" என்றார். அந்த ஆறுதலைப் போல என்னைச் சுட்ட வார்த்தை வேறில்லை.

குறை எங்கே இருந்தது என்று யோசித்தேன். நான் சிங்களத்தைப் பரீட்சைக்காகக் கற்றேன். பரீட்சை முடிந்ததும் மறந்தேன். ஆனால் அம்மம்மா எனக்குப் படிப்பித்த தேவாரங்கள் இன்றும் மறக்கவில்லை. அம்மம்மா என்ன செய்தார்? மாலையில் விளக்கேற்றியதும் ஓரடி சொல்லித் தருவார். மறுநாள் அந்த அடியைக் கேட்டபின்பே அடுத்த அடி. நான் படித்தது மிஷன் பாடசாலையிலே. அங்கும் காலைப் பிரார்த்தனையிலே நாள் தவறாமல் வேத வாசகம் உண்டு. சைவப் பிள்ளையாகிய எனக்கே அவற்றிற் பல இன்னும் மனப்பாடம். வீட்டிலும் பாடசாலையிலும் இருந்த இந்த நித்திய வழக்கம் என் சிங்களத்துக்கு மட்டும் இருக்கவில்லை.

இது வெறும் அநுபவம் அன்று. எபிங்கவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ்செய்து, தம் மறதியைத் தாமே அளந்து, 1885ஆம் ஆண்டிலே ஒரு நூல் வெளியிட்டார். படித்த உடனேதான் மறதி மிக வேகமாக நடக்கிறது என்று கண்டார். ஒரே நாளில் 68 முறை ஓதிப் பெற்ற பயனை, மூன்று நாட்களுக்குப் பங்கிட்டு 38 முறை ஓதியே பெறமுடிந்தது என்றும் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணித்தியாலம் படித்துவிட்டு ஆறு நாள் சும்மா இருப்பவன், ஓட்டைக் குடத்தில் நீர் மொள்பவனுக்கு ஒப்பாவான்.

ஆகவே நான் கைக்கொண்ட பழக்கங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, நேரம். "நேரம் கிடைக்கும்போது படிப்பேன்" என்றால் நேரம் கிடைக்கவே கிடைக்காது. புதிய பழக்கத்தைப் பழைய பழக்கம் ஒன்றோடு முடிந்துவிட வேண்டும். மாலையில் திருநீறு அணிந்து தேவாரம் பாடியபின் கால்மணி நேரம் சிங்களம் என்று வைத்துக்கொண்டேன். தேவாரம் தவறாதபடியால் சிங்களமும் தவறவில்லை.

இரண்டாவது, வாக்கியம். தனிச் சொற்களை மூடை மூடையாகச் சேர்ப்பதிற் பயனில்லை. சட்டைப் பையில் ஒரு சிறு கொப்பி வைத்து, நாளுக்கு ஐந்து வாக்கியம் சிங்கள எழுத்திலேயே எழுதினேன். எல்லாம் அன்று எனக்குத் தேவைப்பட்ட வாக்கியங்கள்: பஸ் எத்தனை மணிக்கு, மிச்சக் காசு தாருங்கள், பப்புவ ரிதெனவா – நெஞ்சு நோகிறது. எழுதியதை மறுநாளும், மூன்றாம் நாளும், ஏழாம் நாளும், பின்னர் மூன்று வாரங் கழித்தும் பார்ப்பேன்.

மூன்றாவது, செவியும் நாவும். ஏட்டுச் சிங்களம் வேறு, பேச்சுச் சிங்களம் வேறு. ஏட்டில் "மம யமி" என்பது பேச்சில் "மம யனவா" ஆகிறது. ஆகவே தினமும் பத்து நிமிஷம் வானொலி கேட்டேன். கேட்டதை உரத்துச் சொன்னேன். பின்னர் சந்தியிலுள்ள தேநீர்க் கடை முதலாளியிடம் போய், பிழை விட்டால் திருத்தும்படி கேட்டுக்கொண்டேன். ஒருநாள் பாதையிலே கல் கிடக்கிறது என்று சொல்லவந்து, நம் தமிழ்க் ககரத்தை அப்படியே உச்சரித்துவிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிங்களத்தில் அந்த ஒலிக்குக் காலம் என்று பொருள். கல்லுக்கோ, நாம் "தங்கம்" என்னும்போது வருகிற மெல்லோசைக் ககரம் முதலில் வரவேண்டும். அவர் என் கையை எடுத்து என் தொண்டைமீதே வைத்து, "இங்கே அதிர வேண்டும்" என்று காட்டினார். பத்து வருஷம் வகுப்பிற் படித்தும் வராத எழுத்து ஒரு கோப்பை தேநீரோடு வந்தது. சிரிப்புக்கு அஞ்சுகிறவனுக்குப் பாஷை வராது.

நான்காவது, விட்டுப்போன நாள். பரீட்சைக் காலத்திலும் காய்ச்சலிலும் ஐந்து வாக்கியம் முடியாது, ஒன்று போதும். அதுவும் முடியாமல் ஒருநாள் தவறினால் தவறட்டும். இரண்டாம் நாள் தவறக்கூடாது என்பதே என் விரதம்.

ஐந்தாவது, துணை. என் விடுதித் தோழன் ஒரு சிங்களவன். அவன் எனக்குச் சிங்களம், நான் அவனுக்குத் தமிழ். நான் அகரத்துக்கும் எகரத்துக்கும் இடைப்பட்ட அவர்களுடைய உயிரொலியோடு மல்லாடுகிறேன். அவன் நமது ழகரத்தோடு மல்லாடுகிறான். சரிக்குச் சரி.

சிங்களம் நமக்கு அவ்வளவு தூரத்துப் பாஷையுமன்று. "மம பத் கனவா" என்பதும் "நான் சோறு சாப்பிடுகிறேன்" என்பதும் ஒரே ஒழுங்கில் நடக்கின்றன. பேச்சிலே நான், நீ, அவன் யாவருக்கும் "யனவா" ஒன்றே. நம் வினை விகுதிகளைப் படிக்கும் சிங்களப் பிள்ளையே பாவம். நமது பாலம் அங்கே "பாலம", கூலி "குலிய", முதல் "முதல" என்று பணத்தைக் குறிக்கும். பாண், மேசை, யன்னல், சப்பாத்து முதலியவற்றை இருவருமே போர்த்துக்கேயரிடம் வாங்கினோம்.

இங்கே ஒரு தடையை மறைக்காமற் சொல்லவேண்டும். என் கொப்பியைக் கண்ட பெரியவர் ஒருவர், "தம்பி, 1956ஆம் ஆண்டுச் சட்டத்தாலே எத்தனை தமிழ் உத்தியோகத்தர் வீட்டுக்குப் போனார்கள் என்று தெரியுமா? அந்தப் பாஷையையா விளக்கின் முன்னே இருந்து படிக்கிறாய்?" என்று கேட்டார். அவருடைய நோவு நியாயமானது. அதற்கு விடைசொல்ல எனக்கு வயசு போதாது. 1987ஆம் ஆண்டிலே தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது. அந்த எழுத்து ஒவ்வொரு கந்தோர் வாயிலிலும் உயிர்பெற வேண்டும் என்று கேட்பது நமது உரிமை. அதை நான் விடமாட்டேன். ஆனால் அந்த முதியவரின் நெஞ்சுநோ அதுவரை காத்திராது. திணித்தபோது கசந்த மருந்தை, தேவை கண்டு நாமே எடுத்துக் குடிப்பதில் இழிவில்லை.

நல்லூர் ஆறுமுக நாவலர் அவர்கள் மிஷன் பாடசாலையிலே ஆங்கிலம் கற்றார். பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பிலே துணைநின்றார். அதனால் அவர் சைவம் குன்றியதா? அங்கே கண்ட ஒழுங்கையும் அச்சுக்கூடத்தையும் சைவத்துக்கே பயன்படுத்தினார். தனிநாயகம் அடிகளாரோ தமிழையே முப்பது வயதுக்கு மேல் அண்ணாமலைச் சர்வகலாசாலையில் முறையாகக் கற்றார். பிறமொழி கற்றவன் தன்மொழியை இழப்பதில்லை. கற்பதற்கு வயதும் தடையில்லை.

கொப்பி இப்போது நான்காவது. நான் வல்லவனாகிவிட்டேன் என்று சொல்லவில்லை. சென்ற மாதம் அதே வைத்தியசாலைக்குப் போனபோது, வெளிநோயாளர் வாங்கிலிருந்த ஒரு தாயாரிடம் தாதி "கவதா இந்தலாத?" என்று கேட்டார். "எப்போதிருந்து என்று கேட்கிறார், அம்மா" என்றேன். "மூணு நாளாச்சு" என்றார். அதைச் சிங்களத்திலே சொன்னேன். தாதி எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது, ஆனால் அன்று நான் தலைகுனிந்து திரும்பவில்லை.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். வாராந்தக் கூட்டுப் பிரார்த்தனைக்குப் பின் இம்மண்டபத்திலே கால்மணி நேரம் சிங்களச் சம்பாஷணைக்கு இடந்தாருங்கள். தமிழ் கற்க விரும்பும் சிங்கள அயலவருக்கும் அதே வாங்கில் இடமிருக்கட்டும். வீட்டிற் செய்யவேண்டியதற்கு யாருடைய அநுமதியும் வேண்டியதில்லை: ஒரு கொப்பி, ஒரு பென்சில், இன்று மாலை விளக்கேற்றியதும் ஐந்து வாக்கியம்.